முடிவும் வழியும்: பெ. சுந்தரம் பிள்ளையின் காலவாராய்ச்சியும் கல்லூரி வாதக் கட்டுரையும்

முன்னுரை

ஒரு கருத்தை நாட்டி, அதற்குச் சான்று காட்டி, படிப்பவரை உடன்படச் செய்யும் நோக்கில் எழுதப்பெறுவது வாதக் கட்டுரை. கல்லூரி மாணவர் எழுதப் பழகும் உரைநடை வகைகளுள் இதுவே கடினமானது. தமிழ்ப் பாடத்தில் இது பெரும்பாலும் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்னும் மூன்று தலைப்புகளுக்குள் கற்பிக்கப்பெறுகிறது. இத்தலைப்புகள் கட்டுரையின் உறுப்புகளுக்குப் பெயரிடுகின்றன. ஒரு கருத்து எவ்வாறு நிறுவப்படுகிறது, எப்போது தோற்கிறது என்பதை அவை சொல்வதில்லை. இதனால் மாணவர் தமக்கு உவப்பான ஒரு முடிவை முதலிலேயே வைத்துக்கொண்டு, அதற்கு இசைவான மேற்கோள்களை அடுக்கி, புகழ்மொழியால் நிறைவு செய்யும் பழக்கம் வேரூன்றியுள்ளது. மாற்றுக் கருத்து இடம்பெறுவதில்லை. இடம்பெற்றாலும் அது பட்டிமன்றத்தில் எதிரணிக்கு நேர்வதுபோல நகையாடப்படுகிறது.

இந்நிலைக்கு மாறான ஒரு முன்மாதிரி திருவனந்தபுரத்துக் கல்லூரி ஒன்றிலிருந்தே தோன்றியது. மகாராசா கல்லூரித் தத்துவப் பேராசிரியர் பெ. சுந்தரம் பிள்ளை (1855-1897) திருஞானசம்பந்தரின் காலத்தைப் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையே அது. அக்கட்டுரையின் வாத அமைப்பை ஆராய்வதும், அதே நகரில் பிற்காலத்தில் பணியாற்றிய எஸ். வையாபுரிப் பிள்ளையின் காலவாராய்ச்சி ஏற்கப்பட்ட முறையோடு அதனை ஒப்பிடுவதும், அவ்வொப்பீட்டின்வழி வாதக் கட்டுரையை மதிப்பிடும் அளவுகோல் எதுவாக இருத்தல் வேண்டும் எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கல்லூரியும் ஆசிரியரும்

திருவிதாங்கூர் அரசு 1834இல் தொடங்கிய ஆங்கிலப் பள்ளியே 1866இல் கல்லூரியாக உயர்ந்து, மகாராசா கல்லூரி என வழங்கி, இன்று பல்கலைக்கழகக் கல்லூரி என்னும் பெயரில் திருவனந்தபுரத்தில் இயங்குகிறது. ஆலப்புழையில் பிறந்த சுந்தரம் பிள்ளை இக்கல்லூரியில் பயின்று, திருநெல்வேலியில் சில ஆண்டுகள் பணிபுரிந்தபின், தம் கல்லூரிக்கே தத்துவ ஆசிரியராகத் திரும்பினார். இடையில் அரசின் வருவாய்த்துறைப் பணிக்குச் சென்றாலும், 1885 முதல் மறையும்வரை பேராசிரியப் பணியிலேயே நிலைத்தார்.

இவர் பெயர் இன்று 1891இல் வெளிவந்த ‘மனோன்மணீயம்’ நாடகத்தோடு இணைத்தே நினைக்கப்படுகிறது. அந்நாடகத்தின் பாயிரத்திலுள்ள தமிழ்த்தெய்வ வணக்கத்தின் ஒரு பகுதி 1970இல் தமிழ்நாட்டு அரசு விழாக்களின் வாழ்த்துப் பாடலாக ஏற்கப்பெற்றது. 2021இல் மாநிலப் பாடல் என அறிவிக்கப்பெற்றது. ஆனால் அவரது அறிவுழைப்பில் நாடகம் ஒரு பகுதியே. கலைத்துறைகளை வகைப்படுத்தும் ‘நூற்றொகை விளக்கம்’, வேணாட்டு அரசர் வரிசையைக் கல்வெட்டுகளின் துணையால் ஒழுங்குபடுத்திய ஆய்வு, ‘தமிழ் இலக்கிய வரலாற்றின் சில மைல்கற்கள் அல்லது திருஞானசம்பந்தர் காலம்’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் எழுதி 1895இல் நூலாக வந்த ஆய்வு ஆகியன அவருடைய மற்றொரு முகத்தைக் காட்டுவன. வாழ்த்தைப் பாடி எழும் மாணவர் பலர், அதனை இயற்றியவர் தமிழுக்காக எவ்வாறு வாதிட்டார் என்பதை அறியாமலே பட்டம் பெறுகின்றனர்.

எதிர்க்கருத்தை எடுத்துரைத்தல்

சுந்தரம் பிள்ளை எதிர்கொண்ட சூழல் எளிதானதன்று. தமிழ் இலக்கிய வரலாறு அப்போது தெளிவான காலவரிசை பெறவில்லை. சம்பந்தர் காலம் பற்றி அன்றைய ஐரோப்பிய அறிஞர்தம் கணிப்புகள் பல நூற்றாண்டுகள் வேறுபட்டன. அவற்றுள் செல்வாக்கு மிக்கது கால்டுவெல் கருத்து. சம்பந்தரால் சைவம் சார்ந்த கூன்பாண்டியன் சுந்தரபாண்டியன் எனவும் புராண மரபில் வழங்கப்படுகிறான்; பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தென்னகக் கடற்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, சுந்தரபாண்டியன் என்னும் அரசனைக் குறிப்பிடுகிறார்; ஆகவே இருவரும் ஒருவரே, சம்பந்தர் காலம் 1292ஐ ஒட்டியது என்பது கால்டுவெல் வாதத்தின் சாரம். தேவாரக் காலமே இவ்வளவு கீழே வருமாயின், அதற்கு முற்பட்டனவாகக் கருதப்பெறும் தமிழ் நூல்களின் காலமும் உடன் இறங்கும். ஆகவே ஓர் அடியாரின் காலத்தை ஒட்டி எழுந்த இவ்வினா, தமிழ் இலக்கிய வரலாறு முழுவதையும் தொட்டு நின்றது.

இத்தகைய கருத்தைக் கண்டு சைவப் பற்றுள்ள ஒருவர் வெகுளல் இயல்பு. சுந்தரம் பிள்ளை சைவர். திருவனந்தபுரத்துச் சைவப்பிரகாச சபையின் தோற்றத்தோடு தொடர்புடையவர். எனினும் கட்டுரையில் அவர் சமயப் பற்றைச் சான்றாக வைக்கவில்லை. மாற்றாரின் கருத்துகளை எடுத்துக்கொண்டு, அவை எந்த அடிப்படையில் நிற்கின்றன எனக் காட்டி, அவ்வடிப்படை தாங்குமா எனச் சோதிக்கிறார். பிறர் மதத்தை முதலில் மேற்கொண்டு பின்னர்க் களையும் முறையை நன்னூலார் நூலாசிரியர் கொள்ளும் மதங்களுள் ஒன்றாக வகுத்துள்ளார். சிவஞான சித்தியார் பரபக்கத்தை முதலில் வைத்துச் சுபக்கத்தைப் பின்னர் வைத்ததும் இவ்வொழுங்கே. எனவே எதிர்க்கருத்தை முன்வைத்தல் மேலைக் கல்வியோடு வந்த புதுவழக்கு எனக் கருத வேண்டுவதில்லை.

ஏதுவின் குறை

கால்டுவெல் வாதத்தின் குறையை மணிமேகலையின் அளவை நெறியால் இன்னும் தெளிவாகக் காட்டலாம். அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் பகுதியில் பக்கம், ஏது, திட்டாந்தம் ஆகியவற்றின் இலக்கணமும் அவற்றின் போலிகளும் விரிவாக இடம்பெறுகின்றன. ஏதுப்போலி அங்கு அசித்தம், அநைகாந்திகம், விருத்தம் என மூன்றாகப் பகுக்கப்படுகிறது. ஏது தன்னளவிலேயே நிறுவப்படாமல் நிற்பது அசித்தம். ஏது, நாட்டக் கருதிய பொருளிடத்தும் அதற்கு மறுதலையான பொருளிடத்தும் ஒப்பச் சென்று, துணிவைத் தராமற்போவது அநைகாந்திகம். நாட்டக் கருதியதற்கு நேர்மாறானதை நிறுவிவிடுவது விருத்தம்.

கால்டுவெல் காட்டிய ஏது ‘சுந்தரன்’ என்னும் பெயர். மதுரை இறைவனின் பெயரான இது பாண்டியருள் ஒருவர்க்கே உரியதன்று. ஒரு பாண்டியன் சுந்தரன் எனப் பெயர் பெற்றதனால் அவன் மார்க்கோ போலோ குறித்த சுந்தரனாகவும் இருக்கலாம், அல்லாதவனாகவும் இருக்கலாம். இரு பக்கமும் செல்லும் இவ்வேது அநைகாந்திகமே. பெயரொற்றுமையை ஆளொற்றுமையாகக் கொண்டதே இங்கு நேர்ந்த வழு. மாணவர் கட்டுரைகளில் மிகுதியாகக் காணப்படுவதும் இவ்வழுவே என்பது கருதத்தக்கது. இரு நூல்களில் ஒரு சொல் பயில்வதைக் காட்டி ஒன்று மற்றொன்றைப் பின்பற்றியது எனத் துணிவதும், இரு ஊர்களின் பெயர் ஒத்திருப்பதைக் காட்டி அவை ஒன்றே எனத் துணிவதும் இதன்பாற்படும்.

வரம்பு கட்டிய வாதம்

மறுப்பு மட்டும் ஒரு கருத்தை நிறுவாது. கால்டுவெல் பிழைபட்டார் என்பதனால் சம்பந்தர் முற்காலத்தவர் ஆகிவிடார். இவ்வேறுபாட்டைச் சுந்தரம் பிள்ளை நன்கு உணர்ந்திருந்தார். சம்பந்தர் பிறந்த ஆண்டையோ மறைந்த ஆண்டையோ கண்டுபிடித்ததாக அவர் கூறவில்லை. இன்ன காலத்திற்குப் பிற்பட்டவராக அவர் இருத்தல் இயலாது என்பதையே நாட்ட முயன்றார். நூலுக்கு அவர் இட்ட பெயரிலுள்ள ‘மைல்கல்’ என்னும் சொல்லும் இந்நோக்கிற்குப் பொருந்துவதே. வழியில் நிற்கும் கல், ஓர் இடம் எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதை மட்டுமே காட்டும்.

இவ்வரம்பை நாட்டத் துணைசெய்வது நூல்களின் அடுக்கு. சேக்கிழாரின் பெரியபுராணம் பன்னிரண்டாம் நூற்றாண்டினது. அதற்கு முன்னோடியாக நம்பியாண்டார் நம்பியின் அந்தாதி உள்ளது. அவ்வந்தாதிக்கு மூலம் சுந்தரரின் திருத்தொண்டத்தொகை. அத்தொகையுள் சம்பந்தர் முற்காலத்து அடியாருள் ஒருவராகப் போற்றப்படுகிறார். இப்படிகளில் ஒவ்வொன்றும் சம்பந்தரை மேலே கொண்டு செல்கிறது. இவ்வடுக்கிற்குக் கல்வெட்டும் அரணாகிறது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் விண்ணப்பஞ் செய்ய நாற்பத்தெண்மர் அமர்த்தப்பெற்றதை முதலாம் இராசராசன் கல்வெட்டுக் குறிக்கிறது. 1292ஐ ஒட்டி வாழ்ந்தவர் பாடிய பதிகம், 1014இல் மறைந்த அரசன் எடுத்த கோயிலில் முறைவைத்துப் பாடப்பெற்றிருக்க இயலாது.

இச்சான்றுகளைத் தொகுத்து, சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதிக்குப் பிற்பட்டவர் அல்லர் என்னும் துணிவுக்குச் சுந்தரம் பிள்ளை வந்தார். அதே பத்தாண்டில் கல்வெட்டறிஞர் வி. வெங்கையா வேறொரு வழியாக இக்காலத்தை நெருங்கினார். சம்பந்தர் பதிகத்தில் குறிக்கப்பெறும் சிறுத்தொண்டர், வாதாபிப் போரில் ஈடுபட்ட படைத்தலைவர் எனப் பெரியபுராணம் கூறுகிறது. முதலாம் நரசிம்மவர்மப் பல்லவன் வாதாபியைக் கைப்பற்றியது 642ஐ ஒட்டிய நிகழ்ச்சி. போருக்குப் பின்னரே சிறுத்தொண்டர் திருச்செங்காட்டங்குடியில் சம்பந்தரை வரவேற்றார் எனக் கொள்ளின், சம்பந்தரின் வாழ்நாள் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியையும் தொடும். சுந்தரம் பிள்ளை கட்டிய வரம்பு சில பத்தாண்டுகள் தளர்த்தப்பட வேண்டியதாயிற்று. ஆயினும் ஆறு நூற்றாண்டுப் பிழையைக் களைந்த வாதம் இச்சிறு திருத்தத்தால் வீழ்ந்துவிடவில்லை.

வலுக்குறைந்த சான்று

கட்டுரையின் எல்லாச் சான்றுகளும் ஒரே வலுவுடையன அல்ல. சௌந்தரிய லகரியில் உமையின் பாலுண்டு கவிபாடியதாகக் கூறப்பெறும் ‘திராவிட சிசு’ சம்பந்தரே எனக் கொண்டு, அவர் ஆதிசங்கரருக்கு முற்பட்டவர் எனக் காட்டும் வாதம் அவற்றுள் ஒன்று. இதில் மூன்று ஐயங்கள் உள. அந்நூல் சங்கரர் இயற்றியதுதானா என்பது முதலாவது. சங்கரர் காலம் பற்றிய கருத்து வேறுபாடு இரண்டாவது. திராவிட சிசு என்பது சம்பந்தரையே குறிக்கிறதா என்பது மூன்றாவது. மணிமேகலை நெறியில் நோக்கின், ஏதுவே ஐயத்திற்குரியதாய் நிற்பதனால் இஃது அசித்தத்தின்பாற்படும்.

இச்சான்றை நீக்கிப் பார்த்தால் கட்டுரையின் முடிவு மாறுகிறதா என்பதே கேட்கத்தக்க வினா. மாறவில்லை. நூலடுக்கும் கல்வெட்டும் தனித்தனியே நிற்கும் தூண்கள். ஒன்று தளர்ந்தாலும் மற்றவை தாங்குகின்றன. கால்டுவெல் வாதமோ ஒரே சங்கிலியாக அமைந்தது. பெயரொற்றுமை என்னும் கண்ணி அறுந்தவுடன் முழுவதும் அறுந்தது. ஒரு வாதக் கட்டுரையின் வலுவைச் சான்றுகளின் எண்ணிக்கையால் அளத்தல் ஆகாது. அவை ஒன்றையொன்று சாராது நிற்கின்றனவா என்பதனால் அளத்தல் வேண்டும் என்பதற்கு இவ்வொப்பீடு தக்க எடுத்துக்காட்டாகும்.

மற்றொரு பிள்ளை

சுந்தரம் பிள்ளையின் கட்டுரை தமிழறிஞரால் மகிழ்ந்து வரவேற்கப்பெற்றது. அம்மகிழ்ச்சிக்குக் காரணம் அவரது வழியா, முடிவா என்னும் வினாவுக்கு விடை காண, திருவனந்தபுரத்தோடு தொடர்புடைய மற்றோர் அறிஞரை நோக்குதல் வேண்டும்.

எஸ். வையாபுரிப் பிள்ளை (1891-1956) இந்நகரில் சில ஆண்டுகள் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர்; மனோன்மணீயத்தைப் பதிப்பித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதிப் பணிக்கும் தமிழ்த்துறைத் தலைமைக்கும் பின்னர், 1951 முதல் 1954 வரை திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக விளங்கினார். அவர் ஆங்கிலத்தில் எழுதிய தமிழ்மொழி இலக்கிய வரலாறு 1956இல் வெளிவந்தது. வடசொல் வரவு, இலக்கண வடிவங்களின் வளர்ச்சி, வடநூற் கருத்துகளின் தாக்கம் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு, அவர் திருக்குறளைக் கி.பி. 600ஐ ஒட்டியும், சிலப்பதிகாரத்தை அதற்கும் பிற்பட்டும் வைத்தார்.

இம்முடிவுகள் தமிழுலகில் பெரும் எதிர்ப்பை எழுப்பின. எதிர்ப்பில் தவறில்லை, மறுக்கத்தக்க இடங்கள் அவர் வாதத்தில் உள. ஒரு கருத்து தமிழ் நூலிலும் வடநூலிலும் ஒப்பக் காணப்படின், தமிழ் நூலே கடன் கொண்டது எனத் துணிதல் கால்டுவெல்லின் சுந்தரபாண்டியனைப் போன்றதே. இரண்டும் பொதுமரபு ஒன்றிலிருந்து பெற்றிருக்கலாம். கொடுக்கல் மறுதலையாகவும் நிகழ்ந்திருக்கலாம். இவ்வாறு அவர் ஏதுவை எடுத்துச் சோதித்த மறுப்புகளும் எழுந்தன. ஆனால் அவற்றினும் உரத்து ஒலித்தது, அவர் தமிழின் பெருமையைக் குறைக்க முயன்றார் என்னும் பழி. அப்பழி அவரது நோக்கத்தைப் பற்றியது. ஏதுவின் குறையை அது காட்டாது.

காலத்தை மேலே கொண்டு சென்றவர் போற்றப்பட்டார். கீழே கொண்டு வந்தவர் தூற்றப்பட்டார். இருவரும் கையாண்டது ஏறத்தாழ ஒரே கருவி: நூல்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு முன்பின் துணிதல். இருவர் வாதத்திலும் வலுவான பகுதிகளும் தளர்ந்த பகுதிகளும் உள்ளன. வரவேற்பில் நேர்ந்த வேறுபாட்டுக்கு முடிவின் இனிமையும் கசப்புமே பெரிதும் காரணம் எனலாம். கட்டுரையை முடிவால் மதிப்பிடும் இவ்வழக்கம் அறிஞர் உலகிலேயே இருக்கும்போது, மாணவர் தம் கட்டுரையில் ஆசிரியர்க்கு உவப்பான முடிவை எழுதி மதிப்பெண் பெற முயல்வது வியப்பன்று.

பழியால் ஆகாததைச் சான்று ஆற்றியது. தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன், புகளூர்க் கல்வெட்டில் காணப்பெறும் சேர அரசர் பெயர்களைச் சங்க நூல்களிற் பயிலும் சேரர் மரபோடு இணைத்துக் காட்டினார். அவரது விரிவான பதிப்பு 2003இல் வெளிவந்தது. பண்டைத் தமிழ் எழுத்து வழக்கின் தொன்மை இவ்வழியே உறுதிப்பட்டது. வையாபுரிப் பிள்ளை அறிந்திராத சான்றுகளைக் கொண்டு அவர் முடிவுகளை மீளாய்வு செய்வதே முறையான மறுப்பாகும். கால்டுவெல்லுக்குச் சுந்தரம் பிள்ளை ஆற்றியதும் இதுவே. இவ்விரு மறுப்புகளிலும் மாற்றார் இழிக்கப்படவில்லை.

வகுப்பறைக்குப் பயன்

மேற்கண்ட ஆய்விலிருந்து வாதக் கட்டுரை கற்பித்தலுக்கு உரிய சில நெறிகளைப் பெறலாம். முதலாவது, மாணவர் தம் கருத்தை எழுதுமுன் எதிர்க்கருத்தை அதனைக் கொண்டவரே ஒப்புமாறு எடுத்துரைக்கப் பழக வேண்டும். கால்டுவெல் வாதத்தை வலுவிழக்கச் செய்து எழுதியபின் மறுத்திருப்பின், சுந்தரம் பிள்ளையின் மறுப்பும் வலுவிழந்திருக்கும். இரண்டாவது, கூற்றின் வரம்பு கட்டுரையின் தொடக்கத்திலேயே கட்டப்பெற வேண்டும். ‘தமிழே உலகின் முதன்மொழி’ என்பதுபோன்ற பரந்த கூற்றைப் பத்துப் பக்கங்களில் எவரும் நிறுவ இயலாது. ‘இந்நூல் இந்நூற்றாண்டிற்குப் பிற்பட்டதன்று’ என்பதை நிறுவ இயலும். மூன்றாவது, ஒவ்வொரு சான்றையும் நீக்கிப் பார்த்து, எஞ்சியவை முடிவைத் தாங்குகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும். நான்காவது, மதிப்பீட்டாளரும் இவ்வளவைகளையே கொள்ள வேண்டும். தமக்கு உடன்பாடில்லாத முடிவை நல்ல ஏதுவால் நிறுவிய மாணவர்க்கு, தமக்கு உவந்த முடிவை ஏதுவின்றிப் பாடிய மாணவரினும் மிகுந்த மதிப்பெண் கிடைத்தல் வேண்டும்.

இந்நான்காவது நெறியே நடைமுறையில் அரியது. முதல் மூன்றும் மாணவரின் உழைப்பால் கைகூடுவன. இஃது ஆசிரியரின் மனநிலையைப் பொறுத்தது. ஆனால் இது வாராதவரை முதல் மூன்றும் பயன்தாரா. வழி மதிக்கப்படாத இடத்தில் எந்த மாணவரும் வழியைக் கற்க முனையார்.

மற்றொன்றும் கருதத்தக்கது. சுந்தரம் பிள்ளை நாடகத்தைத் தமிழிலும், காலவாராய்ச்சியை ஆங்கிலத்திலும் எழுதினார். அவர் மறுக்க வேண்டியிருந்த கருத்துகள் ஆங்கிலத்தில் இருந்தமையின் அது பொருந்தும். வையாபுரிப் பிள்ளையின் இலக்கிய வரலாறும் ஆங்கிலத்திலேயே எழுந்தது. இதன் விளைவாக, வாதத்திற்குரிய மொழி ஆங்கிலம், வாழ்த்திற்குரிய மொழி தமிழ் என்னும் பிரிவினை தமிழ்க் கல்வியில் தன்னையறியாமல் இடம்பெற்றுவிட்டது. மணிமேகலையும் நீலகேசியும் சித்தியாரும் வாதத்தைத் தமிழிலேயே நிகழ்த்தியவை. இலக்கண விளக்கத்தின் குற்றங்களை எடுத்துக்காட்டிய சிவஞான முனிவரின் சூறாவளியும் தமிழ் உரைநடையே. ஆகவே பிரிவினைக்கு மொழியின் இயல்பு காரணமாகாது. மணிமேகலையின் அளவைப் பகுதியையும் சுந்தரம் பிள்ளையின் கட்டுரையைத் தமிழாக்கமாகவும் ஒரே தாளில் பாடமாக வைப்பின், மாணவர் முன்னதில் கற்ற இலக்கணத்தைப் பின்னதில் பொருத்திப் பார்க்க வாய்ப்பு ஏற்படும்.

முடிவுரை

சம்பந்தர் காலம் பற்றிய சுந்தரம் பிள்ளையின் கட்டுரை, எதிர்க்கருத்தை எடுத்துரைத்து, அதன் ஏதுவைச் சோதித்து, தன் கூற்றுக்கு வரம்பு கட்டி, ஒன்றையொன்று சாராத சான்றுகளால் அக்கூற்றை நிறுவிய வாதக் கட்டுரையாகும். அதன் சான்றுகளுள் ஒன்று தளர்ந்ததாயினும், அதன் கால வரம்பு சிறிது திருத்தம் பெற்றதாயினும், அமைப்பு இன்றும் பயிலத்தக்கது. வையாபுரிப் பிள்ளையின் ஆய்வுகளும் இதே அளவுகோலால் மீண்டும் பயிலப்பட வேண்டியவை. இவ்விருவர் கட்டுரைகளையும் அருகருகே வைத்து, முடிவுகளை மறைத்துவிட்டு, ஏதுக்களை மட்டும் மதிப்பிடுமாறு மாணவரிடம் கேட்பது வாதக் கட்டுரைப் பயிற்சிக்கு ஒரு நல்ல தொடக்கமாக அமையும். இருவரும் பணியாற்றிய திருவனந்தபுரத்தின் தமிழ் வகுப்பறைகளில் அத்தொடக்கம் நிகழ்வது பொருத்தமுடையது.